லி, ச்சி, கெவூ: நவ கன்பூசியத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: கட்டபெட்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் கட்டபெட்டில் இருக்கிறேன். பகலில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. இரவில் தபால் வழியில் தத்துவம் முதுகலை படிக்கிறேன். இந்த ஆண்டு கிழக்காசியத் தத்துவம் ஒரு தாள். அதில் பெரும்பகுதி நவ கன்பூசியம், அதாவது கன்பூசியஸின் கருத்துகளைச் சீனாவில் 11ஆம் நூற்றாண்டு முதல் புதிதாக விரித்த மரபு.

பாடக் குறிப்பில் உள்ளதை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பேன். ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு 'லி'. அந்தப் பொருள் எதனால் ஆகியிருக்கிறதோ அந்த மூச்சும் சத்தும் பருமையும் 'ச்சி'. 11ஆம் நூற்றாண்டில் ஜோ துன்யீ, ஜாங் ஸாய், செங் ஹாவ், செங் யீ சகோதரர்கள் ஆகியோர் தொடங்கியதை 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி ஒரு முழு அமைப்பாக்குகிறார். 1472இல் பிறந்த வாங் யாங்மிங் வந்து அதன் அடிப்படையையே கேள்வி கேட்கிறார். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் போதவில்லை.

காரணம், ஜாங் ஸாய் தம் பாடசாலையின் மேற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த வாசகம். வானம் தந்தை, பூமி தாய், மக்கள் எல்லாரும் என் உடன்பிறப்புகள், பொருள்கள் எல்லாம் என் தோழமை என்று அது போகிறது. களைத்தவர், நோயுற்றவர், ஊனமுற்றவர், பிள்ளை இல்லாதவர், துணையை இழந்தவர் எல்லாரும் போக்கிடம் இல்லாமல் தவிக்கும் என் உடன்பிறப்புகள் என்கிறார். மழையில் நனைந்துகொண்டு இலை மூட்டையோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபடி அதை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இப்படி எழுதிய ஒருவரின் மரபு வெறும் வரையறைகளின் தொகுப்பாக இருக்க முடியாது என்று நம்புகிறேன்.

என் சந்தேகங்களைச் சொல்கிறேன். லி ஒன்றே என்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி லி உண்டு என்றும் சொல்கிறார்கள். இது நம் அத்வைதம்தானா? அடுத்தது 'கெவூ', அதாவது பொருள்களை ஆழ்ந்து ஆராய்தல். ஜூ ஷி சொன்ன இந்த வழியை நம்பி இளவயதில் வாங் யாங்மிங் மூங்கிலின் முன் அமர்ந்தார். உடன் இருந்த நண்பர் மூன்றாம் நாளும் இவர் ஏழாம் நாளும் நோயில் விழுந்தார்கள். அப்படியானால் அந்த வழி தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? கடைசியாக, எதை முதலில் படிப்பது? இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி: அவலாஞ்சிப் புல்வெளி

தங்கைக்கு வணக்கம். ஜாங் ஸாயின் வாசகத்தில் உங்கள் மனம் தங்கியது நல்லதாயிற்று. உங்கள் முதல் சந்தேகத்துக்கான பதிலே அதை ஒட்டித்தான் பிறந்தது.

அந்த வாசகத்தைப் படித்த யாங் ஷி என்ற மாணவருக்கு ஒரு கலக்கம் வந்தது. எல்லாரும் உடன்பிறப்புகள் என்றால், பெற்ற தாயையும் வழிப்போக்கரையும் வேறுபாடு பார்க்காமல் ஒரே அளவில் நேசி என்று சொன்ன மோ ட்ஸுவின் கொள்கையில் அல்லவா இது போய் முடியும் என்று ஆசிரியர் செங் யீக்கு எழுதிக் கேட்டார். செங் யீ அனுப்பிய பதிலில்தான் 'லி ஒன்று, அதன் வெளிப்பாடுகள் பல' என்ற புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது. பரிவு ஒன்றுதான். ஆனால் தாய்க்குச் செய்ய வேண்டியது வேறு, அயலாருக்குச் செய்ய வேண்டியது வேறு, ஒரு மரத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. உங்கள் மேஜையில் அந்தப் பரிவு என்ன வடிவம் எடுக்கும்? வரிசையில் நிற்பவரின் இலையில் ஈரத்துக்கென்று கழிக்க வேண்டியதைத் தவிர ஒரு கிலோகூடக் குறைக்காமல் எழுதுவதாக எடுக்கும். அவரைக் கட்டித் தழுவத் தேவையில்லை. எடையைச் சரியாக எழுதினால், அந்த இடத்தில் லி முழுமையாக இருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஜூ ஷி (1130–1200) உலகம் முழுவதற்கும் விரித்தார். வானத்து நிலவு ஒன்று. ஆறுகளிலும் ஏரிகளிலும் அது தெரியும்போது ஒவ்வொன்றிலும் முழு நிலவே தெரிகிறது, துண்டாகத் தெரிவதில்லை என்பது அவர் பௌத்தரிடமிருந்து எடுத்துக்கொண்ட உவமை. இங்கேதான் நம்மவர்கள் அத்வைதத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தயவுசெய்து தாவாதீர்கள். ஒரே வானம் பல குடங்களுக்குள் பலவாகத் தோன்றுகிறது என்று சொல்லும் அத்வைதத்தில் குடங்களின் வேறுபாடு இறுதியில் உண்மை அல்ல. ஜூ ஷிக்கு அது உண்மை. தாய், மகன், புல், உறைபனி எல்லாம் தத்தம் இயல்போடு மெய்யாகவே இருக்கின்றன. வேறுபாட்டைக் கடந்து போவது அங்கே இலக்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரியதை உரிய விதத்தில் செய்வதே இலக்கு. அத்வைதமாகப் படித்தால் இந்தத் தத்துவத்தின் அறம் முழுவதும் கையை விட்டுப் போய்விடும்.

லி முந்தியதா, ச்சி முந்தியதா என்ற கேள்வியில் அதிக நேரம் நிற்க வேண்டாம். காலத்தால் முன்பின் இல்லை, ச்சி இல்லாமல் லி தங்க இடமில்லை, ஆனாலும் வற்புறுத்திக் கேட்டால் லி முந்தியது என்பேன் என்பது ஜூ ஷியின் பதில். மனித இயல்பு லி, அது நல்லதே. அது வந்து தங்கும் ச்சி ஒருவரிடம் தெளிந்தும் ஒருவரிடம் கலங்கியும் இருக்கிறது. பயிற்சி தேவைப்படுவது அதனால்தான். தேர்வுக்கும் இதற்கு மேல் வேண்டாம்.

கெவூவுக்கு வருகிறேன். என் பிழைப்பே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உதகைக்கு மேற்கே சரிவுகளில் பரவியிருக்கும் சீகை மரங்களை (ஆங்கிலத்தில் வாட்டில்; சீயக்காய் அல்ல) அகற்றி, நாட்டுப் புல்லை மீண்டும் வளர்க்கும் குழுவில் வேலை செய்கிறேன்.

கன்பூசியஸுக்குப் பின் வந்த பழைய சிந்தனையாளர் மென்சியஸ் ஒரு மலையைப் பற்றிச் சொல்கிறார். எருது மலை என்று பெயர். ஒரு காலத்தில் அழகான மரங்கள் நிறைந்திருந்தன. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கோடரிகள் வந்தன. வெட்டிய இடத்தில் மழையும் இரவின் ஓய்வும் பட்டுத் துளிர் வந்தது. ஆடு மாடுகள் வந்து அதையும் மேய்ந்தன. இன்று மொட்டையாக நிற்பதைப் பார்ப்பவர்கள் இந்த மலையில் மரமே இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள். அது மலையின் இயல்பா என்று கேட்கிறார். மனித மனத்தின் நல்லியல்பும் அப்படியே அன்றாடம் வெட்டப்படுகிறது என்பது அவர் சொல்ல வந்தது. ஜூ ஷி மென்சியஸை 'நான்கு நூல்களில்' ஒன்றாக வைத்ததால், 1313இல் யுவான் அரசு அவர் உரையை அரசுத் தேர்வுக்கு அடிப்படையாக்கியது முதல் 1905இல் அந்தத் தேர்வு ஒழிக்கப்படும் வரை, சீனாவில் பதவி தேடிய ஒவ்வோர் இளைஞரும் இந்த மலையைப் படித்தார்கள்.

இப்போது அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் மலைக்கு வாருங்கள். மேல்மலையில் புல் மூடிய குன்றுகளைப் பார்த்ததும், இங்கே மரங்களை வெட்டிவிட்டார்கள், நட்டுச் சரிசெய்வோம் என்றுதான் தோன்றும். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிச் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடுவது தொடர்ந்தது. ஆனால் சாண்டிநல்லா சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தபோது, பல ஆயிரம் ஆண்டுகளாகவே இங்கே புல்வெளி இருந்தது தெரியவந்தது. எருது மலையின் இயல்பு மரம். நம் மலையின் இயல்பு, நீர் ஓடும் மடிப்புகளில் சோலைக் காடும் மேட்டில் புல்லும்.

ஏன் என்று கேட்டால் சரிவில் குனிந்து பார்க்க வேண்டும். ஜனவரி விடியலில் திறந்த வெளியில் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். சோலை ஓரத்திலிருந்து விழுந்து முளைத்த நாற்று ஒன்று அந்தப் பனியில் கருகி, இலை நுனி சுருண்டு, தொட்டால் உதிர்ந்துவிடும். பக்கத்தில் புல் தூர் வெளியே காய்ந்து செம்மை பாய்ந்திருக்கும். விரலால் விலக்கினால் அடியில், காய்ந்த தாள்களுக்குள், பச்சைக் குருத்து குளிர் படாமல் இருக்கும். காட்டுப் பூவரசு மட்டும் அந்தத் திறந்த வெளியில் தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும். சீகையோ வேறு விதம். வெட்டினால் போய்விடாது, அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். சில இடங்களில் அதன் நிழலில் சோலை நாற்றுகள் தலையெடுத்திருக்கும். அங்கே கோடரி வைக்கக்கூடாது. இவை ஒவ்வொன்றும் ஒரு லி. மென்சியஸ் கேட்ட கேள்வி, அதாவது இந்த மலையின் இயல்பு என்ன என்பது, மிகச் சரியான கேள்வி. விடையை அவருடைய எருது மலையிலிருந்து கொண்டுவர முடியாது. இந்த மலையில் தேட வேண்டும். லி ஒன்று, வெளிப்பாடுகள் பல என்பதை நான் கண்ணால் பார்ப்பது இங்கேதான்.

மூங்கில் கதைக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூங்கிலை முறைத்துக்கொண்டு உட்காரும்படி ஜூ ஷி யாரிடமும் சொல்லவில்லை. மனித உறவுகளையும் சான்றோர் சொற்களையும் உலக நடப்பையும் விட்டுவிட்டு, ஒரு புல்லிலோ ஒரு பாத்திரத்திலோ மனத்தை நிறுத்துவது மணலை வேகவைத்துச் சோறு எதிர்பார்ப்பதாகும் என்று ஒரு கடிதத்தில் கண்டிப்பாகவே எழுதியிருக்கிறார். இன்று ஒன்றை ஆராய், நாளை இன்னொன்றை ஆராய், நெடுநாள் சேர்ந்தபின் ஒரு நாள் எல்லாம் தொடர்புபட்டு விளங்கும் என்பது செங் யீ சொன்ன வழி. ஏழு நாளில் அது நடக்காது. இயற்கையைப் பார்க்காதவரும் அல்லர் ஜூ ஷி. உயர்ந்த மலைப் பாறையில் சிப்பி ஓடுகளைக் கண்டு, தாழ்ந்தது உயர்ந்திருக்கிறது, மென்மையானது கல்லாகியிருக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னவர்.

படிக்கும் வரிசையை அவரே தந்திருக்கிறார்: முதலில் 'பெருங்கல்வி', பிறகு கன்பூசியஸின் உரையாடல்கள், பிறகு மென்சியஸ், கடைசியில் 'நடுநிலை'. பெருங்கல்வியின் மூலப் பகுதி 205 சீன எழுத்துகள்தான். சாகும் நாள்களிலும் அதன் உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். கொஞ்சமாக எடுத்து, எழுதியவர் எதிரில் உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றும் வரை திரும்பத் திரும்பப் படியுங்கள். அவர் மாணவர்களிடம் விடாமல் கேட்டது இதைத்தான்.


மறுமொழி: உதகைச் செவிலியர்

அண்ணா எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மூங்கிலை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நான் வாங் யாங்மிங் பக்கம்.

அந்த இளைஞர் கேட்க வந்தது இதுதான்: மூங்கிலின் லி முழுவதும் எனக்குத் தெரிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனால் என் மனம் எப்படி நேர்மையாகும்? புல்லைப் பற்றியும் பனியைப் பற்றியும் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் அந்த மலையை விற்றுவிடவும் கூடும் அல்லவா? ஜூ ஷி காலத்திலேயே லூ ஜியுயுவான் என்ற இன்னொரு சிந்தனையாளர் இதை எழுப்பினார். 1175இல் வாத்து ஏரிக் கோயிலில் இருவரும் நேருக்கு நேர் வாதாடினார்கள், தீரவில்லை. ஆனாலும் 1181இல் தம் வெண்மான் குகைப் பாடசாலைக்கு லூவை அழைத்துப் பேச வைத்து, அந்தப் பேச்சைக் கல்லில் பொறிக்கச் செய்தவர் ஜூ ஷி. அதற்காக அவரை மதிக்கிறேன்.

வாங் யாங்மிங்குக்கு விடை கிடைத்த இடத்தைப் பாருங்கள் தங்கை. 1506இல் அரண்மனையில் அதிகாரம் செலுத்திய லியூ ஜின்னை எதிர்த்து மனு எழுதினார். அரசவையில் தடியடி பட்டு, குய்ஜோ மலைநாட்டில் லோங்சாங் என்ற இடத்துக்குத் துரத்தப்பட்டார். கூட வந்த வேலைக்காரர்கள் நோயில் படுத்தார்கள். அதிகாரியாக இருந்தவர் தாமே விறகு வெட்டி, நீர் எடுத்து, கஞ்சி காய்ச்சி ஊட்டினார். அவர்கள் மனம் தளரக்கூடாது என்று பாட்டும் பாடினார். அங்கேதான் ஓர் இரவில், லியை வெளியே பொருள்களில் தேடியது சரியல்ல, என் இயல்பே போதுமானது என்று அவருக்குத் தெளிவானது. குழந்தைகள் வார்டில் இரவுப் பணி பார்க்கிறவள் நான். கஞ்சி காய்ச்சிய கைக்கும் அந்தத் தெளிவுக்கும் தொடர்பில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

அறிவும் செயலும் ஒன்று என்று அவர் சொன்னதைப் பாடக் குறிப்புகள் 'தெரிந்ததைச் செய்ய வேண்டும்' என்ற அறிவுரையாகச் சுருக்கிவிடுகின்றன. அவர் சொன்னது அதைவிடக் கடுமையானது. துர்நாற்றம் மூக்கில் பட்ட கணத்திலேயே அருவருப்பு வந்துவிடுகிறது. முகர்ந்துவிட்டுப் பிறகு அருவருக்கலாம் என்று யாரும் முடிவு செய்வதில்லை. மூக்கடைத்தவருக்கு அருவருப்பு இல்லை, ஏனென்றால் அவருக்கு நாற்றமே தெரியவில்லை. அதேபோல், செய்யாதவருக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று அட்டவணையில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அண்ணாவுக்கு இன்னொன்று. சுவே கான் என்ற மாணவர் பூச்செடிகளுக்கு நடுவே களை பறித்துக்கொண்டே, நல்லதை வளர்ப்பதும் தீயதை ஒழிப்பதும் ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்டார். பூவும் களையும் வானம் பூமியின் ஒரே உயிர்ப்பில் வந்தவை, நல்லது தீயது என்ற பிரிவு உன் விருப்பத்தில் இருக்கிறது, உனக்குப் புல் தேவைப்படும் நாளில் புல்லே நல்லதாகிவிடும் என்றார் வாங் யாங்மிங். அப்படியானால் களையை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, இடைஞ்சலாக இருந்தால் பறித்துவிடு, முழுவதும் பறிக்க முடியாமல் போனால் அதை மனத்தில் சுமக்காதே என்று பதில் வந்தது. ஜோ துன்யீயோ தம் ஜன்னலுக்கு முன் வளர்ந்த புல்லை வெட்டவே விடவில்லை. தம்முள் இருக்கும் உயிர்ப்பும் அதுவும் ஒன்று என்றார். சீகை நாற்றைப் பிடுங்கும்போது அண்ணாவின் மனத்தில் என்ன இருக்கிறது? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


மறுமொழி: குன்னூர் வழக்கறிஞர்

மூவருக்கும் வணக்கம். இந்த மரபில் நீங்கள் காட்டாத ஒரு பக்கம் இருக்கிறது. மாணவிக்கு அதையும் சொல்லிவிட வேண்டும்.

துணையை இழந்தவர்கள் என் உடன்பிறப்புகள் என்ற ஜாங் ஸாயின் வாசகத்தைக் கொண்டாடிய அதே செங் யீயிடம், ஆதரவில்லாத ஏழை விதவை மறுமணம் செய்துகொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். பட்டினியால் சாவது மிகச் சிறிய விஷயம், கற்பை இழப்பது மிகப் பெரிய விஷயம் என்று பதில் சொன்னார். ஜூ ஷியின் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. பின்னால் வந்த மிங், சிங் அரசுகள் மறுமணம் செய்யாத விதவைகளுக்குத் தோரண வாயில்கள் எழுப்பிக் கௌரவித்தபோது, அந்தக் கௌரவத்துக்காகக் குடும்பங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

1724இல் பிறந்த சீனச் சிந்தனையாளர் டாய் ஜென் இதை நேராகச் சொன்னார். சட்டத்தால் சாகிறவனுக்காக இரங்கவாவது ஆள் இருக்கிறது; லியால் சாகிறவனுக்காக இரங்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மேலே இருப்பவன் தன் கருத்துக்கு லி என்று பெயர் வைத்துவிட்டால் கீழே இருப்பவன் எதிர்த்துப் பேச வழியே இல்லை என்பது அவர் வாதம். நீதிமன்றத்தில் என் கட்சிக்காரர்கள் சார்பில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. சட்டத்தின் மீது மேல்முறையீடு உண்டு. 'இதுதான் முறை' என்று குடும்பமும் ஊரும் சொல்லிவிட்டால் எங்கே முறையிடுவது?

ஆகவே மாணவி இதைப் படிக்கட்டும், ஆழமாகவே படிக்கட்டும். ஆனால் லி என்று ஒருவர் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும், சொல்கிறவர் யார், சுமக்கிறவர் யார் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.


மறுமொழி: அவலாஞ்சிப் புல்வெளி

ஐயா சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். செங் யீயின் அந்தப் பதிலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதே செங் யீ தம் தந்தையைப் பற்றி எழுதும்போது, விதவையான உறவுப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்து மறுமணம் செய்துவைத்ததை அவருடைய நற்செயல்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். இந்த முரண்பாட்டை மாணவர்கள் ஜூ ஷியிடம் கேட்டபோது, பொதுவிதி அதுதான், ஆனால் எல்லாராலும் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடிவதில்லை என்றார். கண்ணெதிரே இருந்த பெண்ணிடம் அந்தத் தந்தை கண்ட லி, மகன் விதியாகச் சொன்னதைவிட மேலானது என்பதே என் முடிவு.

இங்கேயும் நடந்தது அதுதான் ஐயா. தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த புல்வெளிக்கு, அவர்களையும் கேட்காமல் மலையையும் பார்க்காமல், தரிசு என்று பெயர் வைத்து மரம் நட்டார்கள். பொருளை ஆராயாமல் பொருளுக்கு லி எழுதினால் இப்படித்தான் ஆகும். டாய் ஜென் தம் வாதத்தை மென்சியஸுக்கு எழுதிய விளக்கத்தில்தான் வைத்தார். லி என்பது மக்களின் பசியிலும் ஆசையிலும் துயரத்திலும் தேட வேண்டியது, அவற்றுக்கு எதிராக மேலிருந்து இறக்க வேண்டியது அல்ல என்றார். இந்த மரபைத் திருத்தும் கருவியும் இந்த மரபிலேயே இருக்கிறது என்பதால்தான் நான் இதை விடாமல் பிடித்திருக்கிறேன்.

தங்கை செவிலியர் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். சீகை மீது எனக்குக் கோபம் இல்லை. அது தானாகக் கப்பல் ஏறி வரவில்லை. வரவழைத்தவர்கள் மனிதர்கள், அகற்ற வேண்டிய கடனும் மனிதர்களுடையது. ஆனாலும் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாங் யாங்மிங் சாவதற்கு முன் எழுதிய 'பெருங்கல்வி' விளக்கத்தில், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டு பதறுவதில் தொடங்கி, அலறும் பறவை விலங்குகளைக் கண்டு பொறுக்க முடியாமை, ஒடிந்த செடிகொடிகளைக் கண்டு இரக்கம், உடைந்த ஓட்டையும் கல்லையும் கண்டு வருத்தம் என்று மனித மனம் அனைத்தோடும் ஓருடலாக இருப்பதை அடுக்கிச் சொல்கிறார். அந்த இரக்கத்தோடுதான் பிடுங்குகிறேன். இரக்கம் வருகிறது என்பதற்காகப் பிடுங்காமல் விட்டால் புல்லுக்கும், புல்லின் அடியில் ஊறும் தண்ணீருக்கும், அதை நம்பிக் கீழே இருக்கும் ஊர்களுக்கும் நான் என்ன சொல்வேன்?

மனத்தில் சுமக்காதே என்பதில் மட்டும் எனக்கு ஜூ ஷி வழியே ஒத்துவருகிறது. அவர் 'ஜிங்' என்கிறார். கவனமும் பணிவும் சேர்ந்த நிலை அது; மனம் ஒன்றில் நின்று வேறெங்கும் ஓடாமல் இருப்பது என்று செங் யீ அதற்கு விளக்கம் தந்தார். சரிவில் நாற்றை வேரோடு எடுக்க, தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். மனம் வேறெங்காவது போனால் தண்டு பாதியில் முறிந்து, அடி மண்ணிலேயே தங்கிவிடும். மலை முழுவதும் எப்போது சரியாகும் என்ற கவலை அந்த இரண்டு விரலில் இருக்க இடமில்லை.


மறுமொழி: கட்டபெட்டு மாணவி

இவ்வளவு சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. மூவருக்கும் நன்றி. எடை எழுதுவதைப் பற்றி அண்ணா சொன்னதை மேஜையில் உட்காரும்போதெல்லாம் நினைக்கிறேன். வழக்கறிஞர் ஐயா சொன்ன கேள்வியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

நடைமுறையில் ஒரு சிக்கல். நான்கு நூல்களையும் அண்ணா சொன்ன வேகத்தில் படித்தால் தேர்வு வந்துவிடும். ஜூ ஷி தொகுத்தது என்று ஐயா குறிப்பிட்ட நூல் எது? அதில் தொடங்கலாமா? ஒரு நூலகத்தில் எடுத்துப் புரட்டினேன். முதல் அத்தியாயத்தில் யின், யாங், பேரெல்லை என்று வந்தது. இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை.


மறுமொழி: அவலாஞ்சிப் புல்வெளி

அதுதான் தங்கை, 'அருகிலிருப்பவற்றைப் பற்றிய சிந்தனைகள்'. 1175இல் லியூ ஸூச்சியன் ஜூ ஷியைப் பார்க்க வந்தார். ஜோ துன்யீ, ஜாங் ஸாய், செங் சகோதரர்கள் நால்வரின் எழுத்துகளையும் இருவரும் சேர்ந்து படித்து, தொடங்குகிறவருக்கு வேண்டிய 622 பகுதிகளைத் தேர்ந்து 14 அத்தியாயங்களாக வகுத்தார்கள். அதை முடித்த கையோடுதான் செவிலியர் சொன்ன வாத்து ஏரி வாதத்துக்குப் போனார்கள். யாருக்காக இதைத் தொகுத்தோம் என்று ஜூ ஷி முன்னுரையில் எழுதியிருக்கிறார்: ஒதுக்குப்புறமான ஊரில், படிக்கும் ஆவல் இருந்தும் நல்லாசிரியரும் நல்ல நண்பரும் கிடைக்காமல் இருப்பவருக்காக. உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது அல்லவா?

முதல் அத்தியாயம் கடினம் என்பது அவருக்கும் தெரியும். அது விளங்காவிட்டால் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தொடங்குங்கள், நாளாக நாளாக முதல் அத்தியாயம் தானே விளங்கிவரும் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கற்பதைப் பற்றியது. உங்கள் மேற்குப் பக்க வாசகம் அதில்தான் இருக்கிறது. மூன்றாவது பொருள்களை ஆராய்வதைப் பற்றியது. இரவில் ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம். ஆறாவது அத்தியாயம் குடும்பத்தைப் பற்றியது. ஐயா காட்டிய வரி அங்கே வரும். அதைத் தாண்டிப் போகாதீர்கள், நின்று படியுங்கள். வாங் யாங்மிங்கின் உரையாடல்களைத் தேர்வு முடிந்ததும் எடுங்கள். செவிலியரிடம் கேட்டால் எந்தப் பகுதி முதலில் என்று சொல்வார்.